அரைப் பேர்

“அன்று அவளுக்குப் பாதிப் பெயர் மட்டுமே வழங்கப்பட்டது.”

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இந்த வாக்கியத்தில் வந்து நின்றேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று வந்திருக்கிறது, வாசித்துப் பார் என்று தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கண்டி கட்டுக்கலையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் படுத்துக்கொண்டே வாசித்தேன். ஒருத்திக்கு எப்படிப் பாதிப் பெயரை வழங்குவார்கள்? திரும்பவும் வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அது நான் எழுதிய வாக்கியம். இரண்டு வருடத்துக்கு முன் இதே வலைப்பதிவில் நான் எழுதியது இப்படி இருந்தது: “அன்னைக்கு அவங்களுக்கு அரைப் பேர்தான் கெடச்சிச்சு.”

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் பெரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, சொன்ன அளவு கொழுந்து எடுத்து நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் அன்றைய தேதிக்கு நேரே ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப் பேர். வேலை சரியில்லை, நேரம் பிந்தி வந்தாய் என்று கணக்கப்பிள்ளை முடிவெடுத்தால் பேர் வெட்டு. “இந்த மாசம் எத்தன பேரு?” என்று ஒருவரை ஒருவர் கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்றுதான் கேட்கிறார்கள். பெயரும் கூலியும் எங்கள் பேச்சில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்தப் பதிவையே எழுதினேன்.

அதை எழுதுவதற்காகத் தெல்தோட்டைப் பக்கம் மூன்று முறை போய் வந்தேன். அம்மா பிறந்த லயத்துக்குப் பக்கத்து லயத்தில் இருக்கும் ஓர் அம்மாயியோடு உட்கார்ந்து, அவர் முப்பது வருடம் கொழுந்து எடுத்த கதையைக் கேட்டேன். மழை நாளில் இலையில் தண்ணீர் நிற்கிறது என்று நிறுவையில் சில கிலோவைக் கழித்துவிடுவார்கள். கூடைக்கென்றும் சாக்குக்கென்றும் தனியாகக் கழிப்பார்கள். கழித்த கிலோவால் அரைப் பேர் ஆன நாட்களை அவர் தேதி வாரியாக ஞாபகம் வைத்திருந்தார். மகன் பிறந்த வாரம், தகப்பன் செத்த மாதம் என்று அந்தத் தேதிகளுக்கு அடையாளமும் வைத்திருந்தார்.

அன்றிரவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி என் பதிவுதான், ஆனால் ஒரு வரிகூட என் சொல்லில் இல்லை. “பெரட்டு” அங்கே “காலை அணிவகுப்பு” ஆகியிருந்தது. “லயம்” “வரிசை வீடு” ஆகியிருந்தது. கங்காணி மேற்பார்வையாளராக மாறிவிட்டார். கொழுந்து “இளம் இலைகள்”. அம்மாயியின் இடுப்பைச் சுற்றியிருந்த படங்கைக் காணவில்லை, அதற்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்கவில்லை போலும். என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. என் தமிழை இயந்திரத்தில் போட்டு ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழாக்கியிருக்கிறார்கள். போகும் வழியில் அரைப் பேர் ஆங்கிலத்தில் பாதிப் பெயராகி, அப்படியே திரும்பி வந்துவிட்டது.

இப்படிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்தால் காப்பிஸ்கேப் போன்ற மென்பொருள் கண்டுபிடித்துவிடும், கூகுளும் இரண்டாம் பிரதியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சொல்லை மாற்றிவிட்டால் இயந்திரத்தின் கண்ணுக்கு அது புதுக் கட்டுரை. படங்களுக்கும் அதே கதி. நான் எடுத்த தராசின் படத்தில் மூலையிலிருந்த என் பெயரை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

அவர்கள் மறுக்க முடியாத சாட்சி ஒன்று என் பக்கம் இருந்தது, அது என் பிழை. தெல்தோட்டைக்குக் கிட்டத்தான் லூல்கந்துர. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். இலங்கையில் தேயிலை வியாபாரப் பயிரானது அங்கிருந்துதான். பதிவை ஏற்றும்போது அவசரத்தில் 1876 என்று தட்டிவிட்டேன். கம்பளையிலிருந்து ஒரு வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இரண்டாம் நாளே மின்னஞ்சல் போட்டுத் திருத்தினார். உடனே மாற்றினேன். அந்தக் கட்டுரை வந்த தளத்தில் இருந்ததோ 1876. அப்படியென்றால் நான் ஏற்றிய முதல் இரண்டு நாளுக்குள்ளேயே எடுத்துவிட்டார்கள். ஆள் வந்து வாசித்து விரும்பி எடுத்ததுகூட இல்லை. வலைப்பதிவின் செய்தியோடையைக் கண்காணித்துக்கொண்டு, புதுப் பதிவு வந்தவுடன் அள்ளிப் போகும் நிரல்கள் இருக்கின்றன. என் எழுத்தை முதலில் வாசித்தது அப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த 1876தான் என்னை அதிகமாக வருத்தியது. என் பதிவில் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. அதனால் கம்பளை ஆசிரியருக்கு யாரிடம் சொல்வது என்று தெரிந்தது, பிழை இரண்டு நாளில் போய்விட்டது. அந்தப் பிரதியில் யாருடைய பெயரும் இருக்கவில்லை. ஆகவே பிழை அங்கேயே கிடந்தது. ஏதோ ஒரு பாடசாலையில் ஒரு பிள்ளை தன் ஒப்படைக்கு அதைப் பார்த்து எழுதியிருந்தால் 1876 என்றுதான் எழுதியிருக்கும், ஆசிரியர் கேட்டால் இணையத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கும். எழுதியவரின் பெயர் வாசகர் திரும்பி வருவதற்கான பாதை. உனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள், இது சரியில்லையே என்று கேட்டு வருவதற்கு வேறு வழி இல்லை. பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பாதையில் மண் சரிந்துவிடுகிறது.

அந்தத் தளத்தை நடத்துகிறவர்களுக்கு மரியாதையாகவே எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. “அக்கா, இது எங்களுக்கு இணையத்தில் கிடைத்தது. உங்களுடையது என்று தெரியாது. உங்கள் கருத்து நிறையப் பேரைச் சென்றடைய நாங்கள் உதவியிருக்கிறோம்.” கட்டுரையின் அடியில் ஒரு வரியும் புதிதாக முளைத்திருந்தது: “நன்றி: இணையம்.”

இந்த இரண்டு சொல்லையும் நான் எத்தனையோ வருடமாகப் பார்த்து வருகிறேன். “நன்றி: இணையம்”, “படித்ததில் பிடித்தது”, “வாட்ஸ்அப் பகிர்வு”, “சுட்டது”. இவற்றை எழுதுகிறவர்களில் பலர் தாங்கள் நேர்மையாக நடந்துகொண்டதாகவே நம்புகிறார்கள், என்னுடையது அல்ல என்று சொல்லிவிட்டேனே என்று. ஆனால் இணையம் எதையும் எழுதுவதில்லை. இணையம் ஒரு தெரு. தெருவில் ஒரு பை கிடந்தால் அதை யாரோ ஒருவர் தவறவிட்டிருக்கிறார் என்றுதான் நினைப்போம், தெருவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம். அதிலும் என் பை தெருவில் கிடக்கவும் இல்லை, அது என் வீட்டுத் திண்ணையில் பெயர் எழுதி வைத்தபடி இருந்தது.

என்னோடு படித்தவள் ஒருத்தி இப்போது கண்டியில் சட்டத்தரணி. அவளிடம் போனேன். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமைக்கு எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை, எழுதிய கணத்திலேயே அது எழுதியவருக்கு உரியது, அவர் இறந்து 70 வருடம் வரைக்கும் என்றாள். யோசனைக்கும் அன்றாடச் செய்திக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தேயிலை நிறுவையைப் பற்றி யாரும் எழுதலாம், நான் எழுதிய விதத்தை எடுக்க முடியாது. இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரிந்ததுதான். தெரியாதது 10ஆம் பிரிவு. பணத்தைப் பற்றிய உரிமைகளுக்கு அப்பால், எழுதியவருக்கென்று தார்மீக உரிமைகள் சில இருப்பதாக அது சொல்கிறது. அதில் முதலாவது, பிரதிகளில் தன் பெயர் தெரியும்படி குறிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை. இன்னொன்று, தன் மதிப்புக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை. பாதிப் பெயர் என்று எழுதிய அந்த வரியை அவளிடம் காட்டினேன். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

வேண்டுமென்றே மீறினால் 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடுவதென்றால் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கண்டியிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம், ஒவ்வொரு தவணைக்கும். தனியாக எழுதிப் பிழைக்கும் ஒருத்தியால் ஒரு பதிவுக்காக அப்படி அலைய முடியாது. எடுப்பவர்களுக்கும் இது தெரியும் என்று நினைக்கிறேன்.

கடைசியில் வேலை செய்தது வேறொரு நாட்டுச் சட்டம். அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் அமெரிக்காவில் இருந்தது. அங்கே 1998இல் கொண்டுவந்த டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவர் முறையாக அறிவித்தால் இடம் கொடுத்தவர் அந்தப் பக்கத்தை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறுப்பு அவர் தலையிலும் வரும். என் பக்கத்தின் முகவரி, அவர்கள் பக்கத்தின் முகவரி, இது என்னுடையது, சொல்வது உண்மை என்ற உறுதிமொழி, கையெழுத்து. அவ்வளவுதான். வேபேக் மெஷினில் என் பதிவின் முதல் நாள் பிரதி, அதே 1876 பிழையோடு, தேதி முத்திரையுடன் கிடந்தது. நான் சேமிக்கவில்லை, யாரோ சேமித்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் பக்கம் போய்விட்டது. எழுதுகிற தங்கச்சி தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: பதிவை ஏற்றிய அன்றே நீங்களே அதை அங்கே சேமித்து வையுங்கள், செய்தியோடையில் முழுப் பதிவையும் விடாமல் முதல் பத்தியை மட்டும் விடுங்கள். முதல் கையெழுத்துக் குறிப்புகளையும் எறியாதீர்கள். என் குறிப்புப் புத்தகத்தில் அம்மாயி வீட்டுத் தேநீர்க் கறை இருக்கிறது, அதை எந்த இயந்திரமும் எடுத்துப் போக முடியாது.

பக்கம் போன அன்று சந்தோஷப்பட வேண்டியவள்தான். என்னால் முடியவில்லை. காரணத்தைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

2022ஐ எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்தில் 360 வரை போனது. நான் வேலை பார்த்த இடம் மூடிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் பயணக் கட்டுரைகள் எழுத ஆள் தேடினார், ஆயிரம் சொல்லுக்கு நான்கு டொலர். ஏற்கனவே வந்த ஐந்து கட்டுரைகளின் இணைப்பை அனுப்புவார். அவற்றை வைத்து ஆறாவதை எழுத வேண்டும், மென்பொருளில் அகப்படக் கூடாது. எட்டு மாதம் செய்தேன். கரண்ட் வரும் நேரம் பார்த்து, நடுச்சாமம் எழும்பி, பிறர் வாக்கியங்களை உடைத்து, சொல்லை மாற்றி, முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் வைத்து எழுதினேன். பேராதனைப் பூங்கா என் அறையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். அங்கே ஒரு தடவையும் போகாமல் அதைப் பற்றிப் பதினொரு கட்டுரை எழுதினேன். எல்லாவற்றிலும், 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியும் நட்ட மரம் ஒன்று தவறாமல் வரும், ஏனென்றால் எனக்கு முன் எழுதிய ஐவரும் அதை எழுதியிருந்தார்கள். அது நாம் நாகலிங்கம் என்று கும்பிடுகிற மரம் என்பதை அந்தப் பதினொன்றில் ஒன்றில்கூட நான் எழுதவில்லை. அந்த ஐவரில் யாராவது ஒருவர் உண்மையிலேயே அந்த மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்து எழுதியிருப்பார். அவருடைய பார்வையை எடுத்து, பெயரைக் கழற்றி, நான்கு டொலருக்கு விற்றேன். பசி இருந்தது, அது உண்மை. அதனால் நான் எடுத்தது எடுத்ததாக இல்லாமல் போகாது.

என் பதிவை எடுத்த பிள்ளையும் யாரோ ஒருவரிடம் அப்படிக் கூலிக்கு இருக்கும் பிள்ளையாக இருக்கலாம். கோபம் அதனால் போகவில்லை, ஆனால் யார் மேல் என்பது மாறியது. ஒருத்தரின் உழைப்பை இன்னொருத்தரைக் கொண்டு நான்கு டொலருக்குப் பிய்த்தெடுத்து, நடுவில் விளம்பரப் பணத்தை எண்ணுகிறவர் மேல்.

நம் மொழிக்கு இது புதிய நோய் இல்லை. பாட்டியல் நூல்கள் கவிகளை வகைப்படுத்தும்போது கள்ளக்கவி என்று ஒருவரை வைத்திருக்கின்றன, பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்பவர். வகைப்பெயர் வைக்கும் அளவுக்கு அப்போதே ஆள் இருந்திருக்கிறார்கள். பாடியவர்களும் சும்மா இருக்கவில்லை. எங்கள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் பாடுவார்கள். சம்பந்தர் பதிகமென்றால் முடியும் இடத்தில் என் காது தானாகக் கூர்மையாகிவிடும், ஏனென்றால் அங்கே அவர் தன் பெயரையும் சீகாழி ஊரையும் சொல்லி முடிப்பார். திருக்கடைக்காப்பு. ஏழாம் நூற்றாண்டில் வாய்வழியே பரவும் பாட்டில் பெயரைப் பாட்டுக்குள்ளேயே தைத்துவிட்டார். வெட்டினால் பாட்டும் சேர்ந்து வெட்டுப்படும். திருக்கோணமலைக்கு அவர் பாடிய பதிகமும் அப்படித்தான் முடிகிறது.

அந்தக் கோணமலைக்குத் தெற்கே இருக்கும் கொட்டியார் குடாவில்தான் இன்னொரு கதை தொடங்குகிறது, எங்கள் கண்டியில் வளர்ந்த கதை. 1660இல், புயலில் பாய்மரத்தை இழந்து, திருத்துவதற்காக ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் அங்கே ஒதுங்கியிருந்தது. கப்டனையும், ரொபர்ட் நொக்ஸ் என்ற அவருடைய 19 வயது மகனையும், மாலுமிகள் சிலரையும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டு வந்தார்கள். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் 19 வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தார். கடைசிக் காலத்தில் கண்டிக்குத் தெற்கே உடுநுவரையில், எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு காட்டு வழியே நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் லண்டனில் அவர் புத்தகம் வந்தது. விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் முன்னுரை எழுதினார். பன்னிரண்டு வருடத்துக்குள் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளுக்கும் போய்விட்டது.

1720இல் டானியல் டீஃபோ ‘கப்டன் சிங்கிள்டன்’ என்ற நாவலை வெளியிட்டார். அதன் நடுவில் நொக்ஸின் கண்டிக் கதையைச் சுருக்கி வைத்துவிட்டார். அதே வருடம்தான் நொக்ஸ் காலமானார். எழுதியவருக்கு உரிமை உண்டு என்று முதலில் சொன்ன பிரித்தானியச் சட்டம் வந்து அப்போது பத்து வருடம். அது ஆன் அரசியின் காலத்துச் சட்டம், அந்தக் கப்பலின் பெயரும் ஆன். டீஃபோ செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், நான் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். ஒருவர் 19 வருடம் இழந்து பெற்றதை இன்னொருவர் சில பக்கங்களில் தன் கடற்கொள்ளையன் கதைக்கு நிரப்பாக வைத்துக்கொண்டார். ஆனாலும் நொக்ஸின் பெயரை அவர் சொன்னார். அந்த நாவலை வாசிப்பவர் நொக்ஸ் யார் என்று தேடிப் போகலாம், போனால் உடுநுவரைக்கு வந்து சேரலாம். பாதை மூடப்படவில்லை.

இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை குறித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. நொக்ஸுக்கு இந்த ஊரைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? எப்படி உழுகிறார்கள், எந்த நோய்க்கு எந்தத் தெய்வத்துக்கு நேர்கிறார்கள், கலியாணம் எப்படி நடக்கிறது என்று அவர் பக்கம் பக்கமாக எழுதினார். எலதெத்தயில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதைச் சொன்ன அயலவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இல்லை. எங்கள் மலைநாட்டுப் பாட்டுகளும் அப்படித்தான். 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்திராவிட்டால் பாதிப் பாட்டு இன்று இல்லை. தொகுத்தவர் பெயர் நமக்குத் தெரியும், அது தெரிய வேண்டிய பெயர். முதலில் பாடியவளின் பெயர் தொகுப்பு வருவதற்கு முன்பே காற்றில் போய்விட்டது. நம் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வழக்காறுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது, ஆனால் தனி ஒருத்தியின் பெயரை அது எங்கிருந்து எடுக்கும்?

என் பதிவை எடுத்துப் பார்த்தேன். “பக்கத்து லயத்து அம்மாயி ஒருவர் சொன்னார்.” இவ்வளவுதான் எழுதியிருந்தேன். மேலே என் பெயர், தடித்த எழுத்தில். தராசின் படத்தில் மூலையில் என் பெயர். முப்பது வருடப் பேரைத் தேதியோடு சொன்னவருக்கு நான் கொடுத்தது “ஒருவர்”.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். பேராதனை தாண்டி, கலஹா வழியாகத் தெல்தோட்டை. மழை விட்டு மலை முழுக்கப் புகை. அம்மாயி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

“என்னா பாப்பா, மூஞ்சி வாடிப் போயிருக்கு?”

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். “நான் எழுதுனத வேற ஆளுங்க எடுத்துப் போட்டுட்டாங்க அம்மாயி. என் பேர எடுத்துட்டாங்க.”

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “எத்தன நாள் பேர வெட்டுனாங்க?”

நான் சொன்ன பேர் வேறு, அவர் கேட்ட பேர் வேறு என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். மூன்று பயணம், எழுதிய இரண்டு நாள். “அஞ்சு நாள், அம்மாயி,” என்றேன். அவர் நாக்கைச் சப்புக் கொட்டினார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். “ஒங்க கதைய எழுதும்போது ஒங்க பேர நான் போடல. கேக்கவும் இல்ல. அது என் தப்பு. இப்ப போடட்டுமா?”

முதலில் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். போனைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். இரண்டு வருடமாக ஊரெல்லாம் வாசித்த அவருடைய கதையை அவர் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டார். இரண்டு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். மழை நாளில் தண்ணிக்கென்று கழித்தார்கள் என்று நான் எழுதியது பிழை. “மழ இல்லாட்டியும் கழிச்சாங்க. வெயில் காயுற அன்னைக்கும் தண்ணிக்குன்னுதான் கழிச்சாங்க. அத எழுது.” மற்றது, தகப்பன் செத்த மாதம் அரைப் பேர் விழுந்தது இலை குறைந்ததால் அல்ல, சாவீட்டிலிருந்து பெரட்டுக்குப் பிந்திப் போனதால். என் குறிப்பில் இரண்டையும் குழப்பியிருந்தேன். கம்பளை ஆசிரியருக்குத் தெரிந்த வழி இவருக்கு இல்லாமல் போனதே, அதை நான்தான் அடைத்து வைத்திருந்தேன்.

பிறகு பெயர். அது லேசாக முடியவில்லை. செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியது ஒரு பெயர். அடையாள அட்டையில் வேறு, அதை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. தாய் கூப்பிட்டது மூன்றாவது. எதைப் போடுவது என்று கேட்டேன். நேரம் எடுத்து யோசித்தார். பேத்தியைக் கூப்பிட்டு, தாய் கூப்பிட்ட பெயரை ஒரு தாளில் எழுதச் சொன்னார். பேத்தி எழுதிக் கொடுத்ததைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னொரு பேரும் இருக்கு,” என்றார்.

அவருக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த நாட்களில் அம்மாயிக்குக் கிலோ எட்டாது. நிறுக்கிற மடுவத்துக்குப் போகும் முன், கங்காணி பார்க்காத நேரம், அந்தப் பெண் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி இவர் கூடையில் போடுவாராம். “அவ கொழுந்துலதான் எனக்கு முழுப் பேரு விழுந்திச்சு. அவ இல்ல இப்ப. அவ பேரையும் போடு.”

பேத்தி அந்தப் பெயரையும் கீழே எழுதினாள். அன்றிரவே இரண்டு திருத்தத்தையும் செய்து, இரண்டு பெயரையும் அந்தப் பதிவின் தலையில், என் பெயருக்கு மேலே வைத்தேன். இந்தப் பதிவில் அவற்றை எழுதவில்லை, அம்மாயி கேட்ட இடம் அது. தாள் என் குறிப்புப் புத்தகத்தில், தேநீர்க் கறை பட்ட பக்கத்தில் இருக்கிறது.